தீவகத்து மண் யாருக்கு?

(பம்பலப்பிட்டிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. கொழும்பிலிருந்த நமக்கு அது பத்திரிகைச் செய்தி. தீவகத்திலோ வள்ளமும் இறைப்பு இயந்திரமும் அந்த எண்ணெயிலேதான் ஓடின. கடலுக்குப் போனால் நட்டம்; போகாவிட்டாற் பட்டினி. கடன்பட்டவன் காணியை விற்கிறான். விற்றவன் மீண்டும் வாங்கியதை நான் கண்டதில்லை.

ஹவாய்த் தீவுகளைப் பாருங்கள். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அத்தீவுகளின் பூர்வ குடிகளிற் பாதிக்கு மேற்பட்டோர் அமெரிக்காவின் பிற மாநிலங்களில் வாழ்கின்றனர். இன்று அவர்களை வெளியேற்றுவது துவக்கன்று. வீட்டு விலையும் வாடகையுமே.

நமது தேசவழமை இதற்கோர் அணை கட்டியிருக்கிறது. 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, பிரிக்கப்படாத பங்கைப் பிறருக்கு விற்க முனைபவர் கூட்டுரிமையாளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும். நல்ல சட்டம்தான்! ஆனால் இலண்டன் பவுண் நிர்ணயித்த விலையை வெங்காயம் நடுபவன் எங்ஙனம் கொடுப்பான்? அறிவித்தற் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காணி கைமாறுவதை அவன் பார்த்து நிற்கிறான்.

ஊரிற் பங்குக் காணியுள்ள உத்தியோகத்தர் பலர் இங்கே இருக்கிறீர்கள். விற்பதானால் உழுபவனுக்குத் தவணைமுறையில் விற்றுவிடுங்கள். மனமில்லையேற் குத்தகைக்கேனும் விடுங்கள். உறுதி எழுதும் கூலியை நான் கேட்கமாட்டேன்.