தோட்டத்துக்கும் ஒரு முகம் வேண்டும்



ஜப்பானில் பிவா ஏரிக்கரையில் ஹிகோனே என்ற ஊர் இருக்கிறது. கோட்டைக்குப் பேர்போன ஊர். 2007-இல் அந்தக் கோட்டையின் 400-ஆம் ஆண்டைக் கொண்டாடுவதற்காக அந்த ஊருக்கென்று ஒரு பூனை உருவத்தைப் படைத்தார்கள். வெள்ளைப் பூனை, தலையில் கொம்பு வைத்த சிவப்புக் கவசம், பெயர் ஹிகோன்யான். ஏன் பூனை? ஹிகோனேயை ஆண்ட ஒரு பிரபுவை, இடிமழை நேரத்தில் ஒரு கோயில் பூனை கையசைத்து உள்ளே கூப்பிட்டுக் காப்பாற்றியதாகக் கதை உண்டு. ஏன் சிவப்பு? அந்த வம்சத்துப் போர்வீரர்கள் சிவப்புக் கவசம் அணிந்தவர்கள். குழந்தைகள் கட்டிப்பிடிக்கும் ஒரு பொம்மைக்குள் ஊரின் சரித்திரத்தையே வைத்துவிட்டார்கள்.

2008 முதல் அந்த ஊரில் இப்படிப்பட்ட ஊர்ச்சின்னங்களுக்கென்றே ஒரு திருவிழா நடந்து வந்தது. மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவில் பிறந்து வளர்ந்த நான், ஒசாகாவில் வேலை பார்த்த காலத்தில் ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி அதைப் பார்க்கப் போனேன்.

கோட்டைக்குப் போகும் சாலை முழுக்கக் கூட்டம். வெள்ளைச் சுவரும் கறுப்பு மரச்சட்டமுமாக நிற்கும் கடைகளுக்கு நடுவே, ஆளுயரத்தைவிடப் பெரிய உருவங்கள் ஆடி அசைந்து வந்தன. காலடி தெரியாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் கைபிடித்து நடத்த ஓர் ஆள். அந்த உருவங்களைப் பேர்சொல்லிக் கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் பாட்டிகளும் தாத்தாக்களும். கைகொடுக்க வரிசையில் பொறுமையாக நின்றார்கள். உள்ளே யார் இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்பது மரியாதையும் இல்லை. உருவங்களுக்குப் பின்னால் அந்தந்த ஊரின் கடைகள்: ஊறுகாய், மிட்டாய், தேயிலை. பொம்மையைப் பார்க்க வந்தவர் அந்த ஊர்ப் பண்டத்தை வாங்கிக்கொண்டுதான் நகர்கிறார்.

ஜப்பானின் ஊர்ச்சின்னங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இமாபாரி ஊரின் பாரிசான். மஞ்சள் பறவை. தலையில் கிரீடமாக அந்த ஊர்க் கடற்பாலம், இடுப்பில் அந்த ஊரில் நெய்த துவாலை, கையில் கப்பல் வடிவப் பணப்பை. துவாலை நெய்கிறவரும் கப்பல் கட்டுகிறவரும் அதில் தங்கள் கைவேலையைப் பார்க்கலாம். 2012-இல் நாடு முழுவதும் நடந்த வாக்கெடுப்பில் முதலிடம் அதற்குத்தான். அதற்கு முந்தைய ஆண்டு வென்றது குமமோத்தோ மாநிலத்தின் கறுப்புக் கரடி குமமோன். அதன் படத்தை அனுமதி கேட்டுக்கொண்டு கட்டணமில்லாமல் போடலாம் என்று அந்த மாநில அரசு திறந்துவிட்டது. சின்னக் கடைக்காரரும் தம் பொட்டலத்தில் அதை அச்சிட முடிந்தது.

உருவத்தை மாட்டிக்கொண்டு ஆடுவது நமக்குப் புதிய கலையா? பொய்க்கால் குதிரை ஆட்டத்தில் மனிதர் குதிரைக் கூட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஆடுகிறார், நாம் ராஜாவையும் ராணியையும் பார்க்கிறோம். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டுக்கு வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' வந்தபோது தமிழ்நாடே சொந்தம் கொண்டாடியது. நம் மலேசியாவும் 2026 சுற்றுலா ஆண்டுக்கு வீரா, மஞ்சா என்ற இரண்டு சூரியக் கரடிகளைத் தேர்ந்தெடுத்தது.

கேமரன் மலைக்கு என்ன முகம்? சாலையோரக் கடைகளைப் பாருங்கள். தொப்பி, தலையணை, சாவிக்கொத்து எல்லாம் ஸ்ட்ராபெரி. அழகான பழம்தான், பயிரிடுகிறவர்களுக்கு அது சோறு போடுகிறது. ஆனால் வில்லியம் கேமரன் 1885-இல் அளந்து போன இந்த மலையில், 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும் மற்றத் தோட்டங்களும் பச்சையானது யார் முதுகில் கூடை தொங்கியதால்? தென்னிந்தியாவிலிருந்து வந்து, குளிரிலும் மழையிலும் சரிவில் நின்று கொழுந்து பறித்த நம் பாட்டிமார். இன்று அதே சரிவில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் கத்தரியும் இயந்திரமும் பிடித்து வேலை செய்கிறார்கள். சுற்றுலா வருகிறவர் பசுமையைப் படமெடுக்கிறார், பறித்த கை அந்தப் படத்தில் இல்லை. எனக்கு இது உறுத்துகிறது.

ஆகவே ஊர்ப் பெரியவர்களுக்கும் சுற்றுலாத் துறையினருக்கும் என் வேண்டுகோள். கேமரன் மலைக்கென்று ஓர் ஊர்ச்சின்னம் படையுங்கள். அதன் முதுகில் கொழுந்துக் கூடை இருக்கட்டும். அதை விளம்பர நிறுவனத்திடம் விடாமல், இங்குள்ள தமிழ், சீன, மலாய்ப் பள்ளிப் பிள்ளைகளையும் ஓராங் அஸ்லி பூர்வகுடிப் பிள்ளைகளையும் வரையச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோரே, அதுவரை காத்திருக்க வேண்டாம். தோட்டத்தில் வேலை செய்த பாட்டி வீட்டில் இருந்தால், கூடையை எப்படிக் கட்டினார், மழைக்கு எதைப் போர்த்தினார் என்று இந்த வாரமே உங்கள் பிள்ளைகளை அவரிடம் கேட்டு வரையச் சொல்லுங்கள்.