என் பொழுதுபோக்கு: முகங்களைப் படம் பிடித்தல்



பொழுதுபோக்கைப் பற்றிப் பேசவேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது நான் சற்றுத் தயங்கினேன். வீணை பயில்பவர் வாசித்தே காட்டிவிடலாம். நானோ படம் எடுப்பவன். கண்ணால் காணவேண்டியதைக் காதால் கேட்பவர்க்கு எவ்வாறு விளக்குவது? ஆயினும், படத்தைக் காட்டாமலே சொல்லத்தக்க செய்திகள் சில உண்டு. படத்தைக் காட்டினால் மறைந்துவிடும் செய்தி ஒன்றும் உண்டு. அதையும் இன்று சொல்லிவிட எண்ணுகிறேன்.

மக்களையும், பறவைகளையும், விலங்குகளையும் உருவப்படமாக எடுப்பதே என் விருப்பம். கோபுரமும் அருவியும் அழகியவைதாம். ஆனால் அவை நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்க்கும் ஒன்றைப் படம் எடுப்பதிலேதான் இன்பமும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் என் மாமா தாம் பயன்படுத்திய பெட்டிக் காமிராவை எனக்குத் தந்தார். ஒரு பிலிம் சுருளில் 12 படங்கள் எடுக்கலாம். சுருளுக்கு விலை, கழுவுவதற்குக் கூலி, அச்சிடுவதற்குக் கூலி என்று ஒவ்வொரு படமும் காசைக் கேட்கும். ஆகையால் விசையை ஒருமுறை அழுத்துமுன் பலமுறை எண்ணிப் பார்ப்பேன். நீங்கள் இன்று கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் நூறு படம் எடுக்கிறீர்கள். அதை நான் குறை கூறவில்லை. வறுமை கற்பித்த சிக்கனத்தைப் பெருமையாகப் பேசுவது வயதானவர்களின் வழக்கம், அவ்வளவே.

மக்கள் முகத்தை எடுப்பவர் முதலில் அறியவேண்டியது தூரம். ஒரு முழத் தொலைவில் காமிராவை நீட்டி எடுத்தால் மூக்குப் பெருத்தும் காதுகள் சிறுத்தும் தோன்றும். லென்ஸின் மீது பழி போடுகிறோம். உண்மையில் அது தூரத்தின் விளைவு. அவ்வளவு அருகில் நிற்கும்போது, காதைக் காட்டிலும் மூக்கு நமக்கு மிகவும் நெருங்கியிருக்கிறது. ஆறேழு அடி பின்வாங்கினால் அந்த வேறுபாடு அற்பமாகிவிடும். முகம் தன் இயல்பான அளவைப் பெறும். அடுத்தது ஒளி. உச்சிவெயிலில் கண்குழிகள் இருண்டுவிடும். நம் ஊர்த் திண்ணையைக் காட்டிலும் சிறந்த ஸ்டூடியோவை நான் கண்டதில்லை. தலைக்குமேல் கூரை நிழல். எதிரே தெருவின் வெளிச்சம். அந்த வெளிச்சம் கண்மணியில் ஒரு சிறு புள்ளியாய் மின்னும். அப்புள்ளி இல்லாத முகம் உயிரற்றுத் தோன்றும்.

இத்தனையும் கற்றபின்னும் ஒன்றை நான் கற்கவில்லை என்பதை ஒரு மூதாட்டி எனக்கு உணர்த்தினார். அவர் மண்பாண்டம் வனைபவர். தெருமுனையில் மறைந்து நின்று, சக்கரத்தின்மேல் குனிந்திருந்த அவரைப் படம் எடுத்தேன். விசையின் ஓசை கேட்டு நிமிர்ந்தார். "என்னையா பிடிச்சே, தம்பி? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கையைக் கழுவிக்கொண்டு வந்திருப்பேனே!" என்றார். கோபம் இல்லை, வருத்தமே இருந்தது. எனக்கோ நாணம் தாங்கவில்லை.

அவர் கைகழுவி, தலைவாரி, திண்ணையில் வந்து அமர்ந்தார். முகம் மரப்பாவைபோல் இறுகியிருந்தது. நான் காமிராவை மடியில் வைத்துக்கொண்டு, எந்த ஏரியின் களிமண் நல்லது என்று கேட்டேன். அரைமணி நேரம் மண்ணைப் பற்றியே பேசினார். அந்தப் பேச்சின் நடுவே, தாம் படத்துக்கு அமர்ந்திருக்கிறோம் என்பதை அவர் மறந்த கணத்தில் ஒரே ஒரு படம் எடுத்தேன். மறுவாரம் அதன் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கள் அம்மாவின் சாயல் அப்படியே இருக்கிறது" என்றார். அவர் தாயாரைப் படம் எடுத்தவர் எவருமில்லை.

அன்றுமுதல் ஒரு வழக்கம் கொண்டேன். பிரதியின் பின்புறத்தில் பெயரையும் நாளையும் எழுதிவிடுவேன். இதன் அருமையை ஜூலியா மார்கரெட் காமரன் அம்மையாரின் படங்களைப் பார்த்தால் அறியலாம். கல்கத்தாவில் 1815-ஆம் ஆண்டு பிறந்த அவருக்கு, 48-ஆம் வயதில் மகள் வழியாகப் பரிசாக வந்தது முதல் காமிரா. டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் முதலிய பெரியோரின் முகங்களை அவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. 1875-இல் அவர் இலங்கையில் குடியேறினார். 1879-இல் அங்கேயே மறைந்தார். அங்கும் கிராமத்து மக்களையும் தோட்டங்களில் உழைத்தவர்களையும் அதே பரிவோடு படம் எடுத்தார். டென்னிசன் படத்தின்கீழ் டென்னிசன் பெயர் இருக்கிறது. களுத்துறைப் படத்திலோ 'குடியானவர்கள்' என்ற சொல்தான் இருக்கிறது. அம்முகங்களின் கம்பீரத்தைக் காணும்தோறும், இவர்களின் பெயர் என்ன என்று மனம் கேட்கிறது. கேட்டு எழுதியிருந்தால் ஒரு வரி மை செலவாகியிருக்கும்.

மனிதரிடம் அனுமதி கேட்கலாம். கொக்கிடம் எப்படிக் கேட்பது? கேட்கலாம் என்பதே என் அனுபவம். ஏரிக்கரையில் மடையான் கழுத்தை உள்ளிழுத்துக் குந்தியிருந்தால், நம்மை அது பொருட்படுத்தவில்லை என்று பொருள். கழுத்து நீண்டுவிட்டதா? மறுத்துவிட்டது. அங்கேயே நின்றுவிட வேண்டும். கூடுமானால் அமர்ந்துவிட வேண்டும். சற்று நேரத்தில் கழுத்து மீண்டும் உள்ளே போகும். அதன் கண்மட்டத்துக்கு நம் காமிரா தாழ்ந்திருப்பதும் நல்லது. மேலிருந்து எடுத்த படத்தில் பறவையின் முதுகுதான் பெரிதாய்த் தெரியும். வெண்கொக்கை எடுக்கும்போது மட்டும், ஒளியளவுக் கருவி காட்டுவதைவிடச் சற்று மிகுதியான ஒளி கொடுங்கள். அக்கருவி உலகமே சாம்பல் நிறம் என்று நம்புவது, கொக்கையும் சாம்பலாக்கிவிடும்.

இத்துறையில் நம் நாட்டின் முன்னோடிகளுள் ஒருவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர்; 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். யானை முதலிய காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். வண்ணமில்லாத அப்படங்களில் யானைத் தோலின் ஒவ்வொரு சுருக்கமும் பேசும். இங்கிலாந்தில் பறவைகளைப் படம் எடுத்த எரிக் ஹாஸ்கிங் 1937-இல் ஓர் ஆந்தையின் கூட்டருகே சென்றபோது, அது தாக்கியதால் ஒரு கண்ணை இழந்தார். ஆந்தையை அவர் பகைக்கவில்லை. ஒற்றைக் கண்ணோடு வாழ்நாள் முழுதும் பறவைகளையே எடுத்தார். தாய்ப்பறவையின் மறுப்பு அவ்வளவு வன்மையாகவும் வரக்கூடும்.

ஆனால் எல்லாப் பறவைகளுக்கும் ஆந்தையின் நகம் இல்லை. இனி, நான் சொல்லவந்த செய்தியைச் சொல்கிறேன்.

கல்லூரியின் இறுதியாண்டில், எங்கள் வீட்டு மருதாணி வேலியில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. இரண்டு குஞ்சுகள். தாய் இரை கொண்டுவரும் வேளையில் படம் எடுக்க விரும்பினேன். கிளையொன்று கூட்டை மறைத்தது. அதை வெட்டவில்லை, வெட்டுவது பாவம் என்று எனக்குத் தெரியும். ஒரு வெள்ளை நூலால் பின்னுக்கு இழுத்துக் கட்டினேன். வெயில் கூட்டில் விழுந்தது. என் பெட்டிக் காமிராவுக்கு வேண்டிய ஒளி கிடைத்தது. ஏழெட்டு அடி தொலைவில் முக்காலியில் அதை நிறுத்தி, விசையில் நீண்ட கயிறு கட்டித் திண்ணையில் காத்திருந்தேன். தாய் பலமுறை வந்து, கூட்டில் இறங்காமலே திரும்பிப் போயிற்று. மடையானின் நீண்ட கழுத்தைப் போன்றதே அதுவும். அன்று எனக்குப் புரியவில்லை. ஒரு மணி நேரத்துக்குப்பின் பசித்த குஞ்சுகளின் குரல் தாங்காமல் இறங்கியது. கயிற்றை இழுத்தேன்.

அந்தி சாய்ந்தது. படம் எடுத்த களிப்பில் நூலை அவிழ்க்க மறந்தேன். மறைப்பு நீங்கிய கூடு, எனக்குத் தெரிந்ததுபோலவே காக்கைகளுக்கும் தெரிந்தது. மறுநாட் காலை கூடு காலி. இரு நாள்கள் வரையில் தாய் வாயில் புழுவோடு வந்து வேலியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

சரணாலயங்களில் படம் எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. வீட்டுவேலிக்கு அனுமதிச் சீட்டுக் கொடுப்பவர் யார்? அங்கே நாம்தான் காவலர்.

அந்தப் படம் மிக நன்றாக வந்திருந்தது. மாணவர் கண்காட்சியொன்றில் அதற்குப் பரிசும் கிடைத்தது. குனிந்த தாயின் கொண்டையும், அகன்ற இரு சிறு வாய்களும் அவ்வளவு தெளிவு. பார்த்தவர்களெல்லாம், "எவ்வளவு பொறுமை உமக்கு!" என்று வியந்தார்கள். நூல் அந்தப் படத்தில் தெரியாது. பிரதியின் பின்புறத்தில் மட்டும், படம் எடுத்த நாளையும், அதன்கீழ் மறுநாட் காலை நான் கண்டதையும் எழுதி வைத்திருக்கிறேன்.