சறுக்கலா, நடையா?



கவிதை படித்தவன் கவிதை எழுத முற்படுதல் இயல்பு. கவிதை படித்தவன் கால் பழகப் புறப்பட்டான் என்பதோ அரிய செய்தி. அத்தகைய செய்தி ஒன்று செருமானிய இலக்கிய வரலாற்றில் உண்டு. கால் பழகியவர் கதே. அவரைப் பழகத் தூண்டிய பாடல்களின் ஆசிரியர் கிளாப்ஸ்டாக். உறைந்த நீர்ப்பரப்பின் மேல் இரும்பலகு பூட்டிய காலணியுடன் இயங்கும் கலையே இவ்விருவரையும் இணைத்தது.

கிளாப்ஸ்டாக் 1724இல் பிறந்தவர். 'மெசியா' என்னும் பெருங்காப்பியத்தால் செருமானிய நாடெங்கும் புகழ்பெற்றவர். டென்மார்க்கு மன்னரின் ஆதரவைப் பெற்று 1751 முதல் 1770 வரை அந்நாட்டில் வாழ்ந்தார். குளிர்காலத்தில் நீர்நிலைகள் உறையும் நாடு அது. 1764இல் அவர் பனித்தள ஓட்டத்தையே பாடுபொருளாகக் கொண்டு ஒரு பாடல் இயற்றினார். அதன்பின் அப்பொருளில் வேறு சில பாடல்களும் தந்தார். இறைமகனின் பாடுகளைக் காப்பியமாக்கிய புலவர், காலின் மகிழ்ச்சியையும் பாடத்தக்கதெனக் கருதினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அப்பாடல்களைப் படித்தவர்களுள் ஒருவர் கதே. 1749இல் பிராங்பர்ட்டில் பிறந்த அவர், ஸ்ட்ராஸ்பர்க்கில் சட்டக் கல்வியை முடித்து 1771இல் ஊர் திரும்பி வழக்கறிஞர் தொழிலில் அமர்ந்தார். 1770களின் தொடக்கத்தில், ஒரு குளிர்காலத்தில், அதுவரை ஒருநாளும் முயன்றிராத இக்கலையைப் பயில அவர் திடுமென முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது இருபதைக் கடந்திருந்தது. குழந்தைகள் ஐந்து வயதில் பழகும் ஒன்றைப் படித்துப் பட்டம் பெற்றவர் ஊரார் காணத் தொடங்க வேண்டியிருந்தது. பயிற்சி, சிந்தனை, விடாமுயற்சி ஆகிய மூன்றால் குறுகிய காலத்தில் தேறியதாக அவர் தம் தன்வரலாற்றில் குறிக்கிறார். பயிற்சியும் முயற்சியும் எவரும் கூறுவன. இடையில் நிற்கும் சிந்தனையே ஆய்வுக்குரியது. கால் பழகச் சிந்தனை எதற்கு?

வளர்ந்தவர் பனித்தளத்தில் அடியெடுத்து வைக்கும் காட்சியை எண்ணிப் பார்த்தால் விடை புலனாகும். குழந்தை விழுகிறது, எழுகிறது, மீண்டும் ஓடுகிறது. அதன் உடல் தரைக்கு அண்மையில் உள்ளது, எடையும் குறைவு. வளர்ந்தவரோ விழுவதற்கு முன்பே மனத்தால் விழுந்துவிடுகிறார். அச்சம் முழங்காலை விறைக்கச் செய்கிறது. உடலைப் பின்னுக்குச் சாய்க்கிறது. பார்வையைக் கால்விரலுக்கு இழுக்கிறது. இம்மூன்றுமே வீழ்ச்சிக்கு வழி. தன்னைக் காக்க உடல் செய்யும் முயற்சியே உடலைக் கவிழ்க்கிறது. ஆதலின் பயிற்றுவோர் முதற்கண் கற்பிப்பது ஓட்டத்தையன்று, வீழ்ச்சியையே. முழங்காலை மடக்கித் தாழ்ந்து, கைகளை ஊன்றாது, பக்கவாட்டில் தொடை படும்படி விழ வேண்டும். பின்னர் முழந்தாளிட்டு, ஒரு காலை ஊன்றி எழ வேண்டும். விழத் தெரிந்தபின் அச்சம் தளர்கிறது. அச்சம் தளர்ந்தபின் முழங்கால் இளகுகிறது. முழங்கால் இளகியபின்னரே கலை தொடங்குகிறது. ஆலந்து நாட்டில் புதியவர்கள் ஒரு நாற்காலியை முன்னே தள்ளிக்கொண்டு பழகும் வழக்கம் உண்டு. தாங்கிப் பிடித்த பொருளே தள்ளிச்செல்லும் பொருளாகவும் ஆகிறது என்பதைக் கற்பவர் அங்கே உணர்கிறார்.

அடுத்து மாற்றிக்கொள்ள வேண்டியது நடையைப் பற்றிய எண்ணம். தரையில் நடப்பவர் காலைப் பின்னோக்கி உந்தி முன்னேறுகிறார். பனித்தளத்தில் அவ்வாறு உந்தினால் அலகு வழுக்கிப் பின்னே ஓடிவிடும். அலகின் ஓரத்தைப் பனியிற் பதித்துப் பக்கவாட்டில் உந்த வேண்டும்; மற்றக் காலின்மேல் முழு எடையையும் ஒப்படைக்க வேண்டும். இவ்வொப்படைப்பே கடினம். புதியவர் இரு கால்களையும் நம்பி, இரண்டிலும் பாதியாக நின்று, இருந்த இடத்திலேயே தடுமாறுகிறார். ஒற்றைக் காலை முற்றும் நம்பியவரே நகர்கிறார். நாற்பதாண்டு நடந்த கால்களுக்கு நடையை மறக்கக் கற்பித்தல் எளிதன்று. கதே கூறும் சிந்தனைக்கு இங்கே இடம் உண்டு.

பனி ஏன் வழுக்குகிறது என்னும் வினாவும் எளிய விடை உடையதன்று. அலகின் அழுத்தத்தால் பனி உருகி நீராவதே காரணம் என்று பாடநூல்கள் நெடுங்காலம் உரைத்து வந்தன. கடுங்குளிரில் அவ்வழுத்தம் உருக்கப் போதாது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1850இல் மைக்கேல் பாரடே, பனியின் மேற்பரப்பில் இயல்பாகவே ஒரு மெல்லிய நீர்ப்படலம் உண்டு என்னும் கருத்தை முன்வைத்தார். 1939இல் பௌடன், ஹியூஸ் ஆகியோர் உராய்வால் எழும் வெப்பத்தின் பங்கை ஆராய்ந்து காட்டினர். திடமென்று கண்ணுக்குத் தோன்றும் பரப்பு தொடுவாயில் முற்றும் திடமாக இல்லை. அந்நெகிழ்ச்சியின்மேற்றான் ஓட்டம் நிகழ்கிறது. மொழியைக் கையாளும் கவிஞர்க்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது.

அச்சம் பொய்யானது என்றும் கொள்ளலாகாது. ஆலந்தின் ஷீடாம் ஊரைச் சேர்ந்த லிட்வினா என்னும் இளம்பெண், 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பனித்தளத்தில் விழுந்து விலா எலும்பு முறிந்தாள். எஞ்சிய வாழ்நாளை நோய்ப்படுக்கையிலேயே கழித்தாள். பிற்காலத்தார் அவளைப் புனிதையாகவும் பனித்தள ஓட்டக்காரர்களின் காவலாகவும் போற்றினர். அவள் விழுந்த காட்சியைக் காட்டும் 1498ஆம் ஆண்டின் மரச்செதுக்குப் படம், இக்கலையைச் சித்திரித்த மிகப் பழைய படங்களுள் ஒன்று. ஓடியவரின் வெற்றியை அன்றி விழுந்தவளின் துயரையே அந்தப் பழஞ்சித்திரம் நிலைநிறுத்தியது.

கதே எய்திய தேர்ச்சி எத்தகையது? பிறர் வியக்கச் சிறந்து விளங்க அவர் எண்ணவில்லை. களிப்பு நிறைந்த பனித்தளத்தில் தாமும் பங்குபெறும் அளவு தேறினால் போதும் என்று கருதினார். எத்துறையிலும் முதன்மை பெறும் ஆற்றல் வாய்ந்த ஒருவர், ஒரு துறையில் இடைநிலையோடு அமைந்ததாகத் தம் கையாலேயே எழுதி வைத்தார். அவ்வமைதி அவருக்கு வேறொரு பயனையும் தந்தது. வெள்ளம் பரந்து உறைந்த புல்வெளிகளில், முழுநிலவின் கீழ், இரவு நெடுநேரம் இயங்கிய பொழுதுகளை அவர் நினைவுகூர்கிறார். பிற உழைப்புகள் உடலைச் சோர்விக்க, இவ்வுழைப்பு உடலுக்கு மேன்மேலும் ஊக்கம் அளித்ததாம். அந்தச் சீரான ஊசலாட்டத்தில், நெடுநாள் உறங்கிக் கிடந்த படைப்பெண்ணங்கள் விழித்தனவாம். கவிதை காலைத் தூண்டியது. கால் கவிதைக்குத் தன் கடனைத் தீர்த்தது.

1774இல் கிளாப்ஸ்டாக் பிராங்பர்ட்டிற்கு வந்தார். அவருக்கு வயது ஐம்பது, கதேக்கு இருபத்தைந்து. இளங்கவிஞர் காப்பியக்கலை பற்றிக் கேட்க விழைந்திருத்தல் கூடும். முதியவரோ இலக்கியத்தைப் பற்றி எளிதில் வாய்திறவாது, பனித்தள ஓட்டத்தைப் பற்றி விரிவாக உரையாடினார். அப்போது எழுந்தது ஒரு சொல்லாராய்ச்சி. அக்காலணியைச் செருமானியர் 'ஷ்லிட்ஷூ' என வழங்கினர். அது பிழை என்றார் கிளாப்ஸ்டாக். சறுக்குவண்டியைக் குறிக்கும் 'ஷ்லிட்டன்' என்பதினின்று அச்சொல் பிறக்கவில்லை; அடியெடுத்து நடத்தலைக் குறிக்கும் 'ஷ்ரைட்டன்' என்பதே வேர்; ஆதலின் 'ஷ்ரிட்ஷூ' என்பதே செம்மை வடிவம் என்று வாதிட்டார். பனித்தளத்தில் இயங்குபவன் வண்டியில் இழுக்கப்படும் சுமை அல்லன், தானே அடிவைத்து நடப்பவன் என்பது அவர் கொள்கை. மொழிநூலார் தீர்ப்பு அவர் பக்கமே. பழைய வடிவம் நடையினின்று பிறந்ததே. எனினும் உலக வழக்கு அவருக்குச் செவிசாய்க்கவில்லை. இன்றும் செருமானியர் வழங்குவது அவர் மறுத்த சொல்லையே.

தமிழில் இக்கலைக்குப் 'பனிச்சறுக்கு' என்பது பெயர். பனித்தல் என்னும் வினைக்கு நடுங்குதல் என்னும் பொருளும் உண்டு, சறுக்குதலோ நிலைதவறுதல். யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. ஆகத் தமிழ்ச்சொல் புதியவர் படும் பாட்டை உள்ளவாறே உரைக்கிறது. தேர்ந்தவரின் பெருமிதத்தை உரைக்கவில்லை. ஆங்கிலச் சொல்லின் வரலாறு வேறு. 'ஸ்கேட்' என்பது ஆலந்து மொழி வழியாகப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் பொய்க்கால். சிலப்பதிகாரம் சுட்டும் பதினோராடலுள் மரக்காலாடலும் ஒன்று என்பதை அவையோர் அறிவர். இயற்கைக் காலின்மேல் செயற்கைக் காலைப் பூட்டி நிலைகொள்ளும் திறம் தமிழ்மண்ணுக்கு அயலானதன்று. சறுக்கல், பொய்க்கால், நடை என மூன்று மொழிகள் ஒரே கலையை மூன்று கண்களால் நோக்கின. கற்பவர் இம்மூன்றையும் வரிசையாகக் கடக்கிறார்: முதலில் சறுக்குகிறார், பின்பு அயலான காலொன்றைச் சுமக்கிறார், ஈற்றில் நடக்கிறார்.

கதேயின் ஓட்டத்தைப் பற்றிப் பலரும் நினைவிற் கொள்வது வேறொரு காட்சி. தாயார் வண்டியிலிருந்து காண, அவருடைய செந்நிற மென்மயிர் மேலங்கியை வாங்கித் தாம் அணிந்து பனித்தளத்தில் விரைந்த காட்சி அது. 19ஆம் நூற்றாண்டில் கௌல்பாக் என்னும் ஓவியர் அதனைத் தீட்டிப் பரப்பினார். 1775 நவம்பரில் வெய்மார் சென்றபின் அங்கும் கதே இக்கலையைத் தொடர்ந்தார். பனிமேல் துணிந்து செல்வதை வாழ்வுக்கு உவமையாக்கிய அவருடைய சிறுபாடல் 1776இல் வெளிவந்தது.

செவ்வங்கிக் காட்சி கண்ணுக்கு இனியது. ஆயினும் கவிஞர் அவை போற்றத்தக்கது மற்றொன்று. உயர்ந்த, குழிவுடைய அலகுகளை கிளாப்ஸ்டாக் ஏற்கவில்லை. தாழ்ந்த, அகன்ற, தட்டையான பிரீஸ்லாந்து அலகே சிறந்தது என்றார். அவர் சொற்படி, நீண்ட மூக்குடைய அத்தகைய தட்டைக் காலணி ஒன்றைக் கதே வாங்கினார். சற்று இடர்ப்பாடு இருந்தும் பல்லாண்டுகள் அதனையே பூண்டார். பின்னாளில் கவிதையில் கிளாப்ஸ்டாக்கின் வழியை விட்டு அவர் நெடுந்தொலைவு சென்றார். இருவரிடையே நட்பும் முறிந்தது. காலணியைக் குறித்து எழுதும்போது மட்டும் முதியவரான கதேயின் எழுத்தில் கசப்பு இல்லை. தொடக்க நாளில் எழுந்து நிற்கக் கற்பித்தவரை, அவர் சொன்ன காலணி கடித்தபோதும், கற்றவர் மறப்பதில்லை.