வீட்டுக்குத் தார்ச் சல்லிப் பாதை



மார்கழி மாதத்தில் கத்தரியும் தக்காளியும் பறித்துக் கூடைகளில் நிரப்பிவிட்டீர்கள். லொறி பெருந்தெருவில் நிற்கின்றது. படலையிலிருந்து வீடு வரையுள்ள பாதையோ முழங்காலளவு சேறாகக் கிடக்கின்றது. சாரதி உள்ளே வர மறுக்கின்றார். கூடைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோகக் கூலி கொடுக்க வேண்டும். கொண்டுபோகும் வழியில் தக்காளி நசுங்கும். தாமதத்தினால் சந்தை விலையும் கைதவறும். நெல் மூடைகளின் கதையும் இதுவே. ஆகவே வீட்டுப் பாதையைப் பற்றிப் பேசுவதும் விவசாயத்தைப் பற்றிப் பேசுவதேயாகும் என்று கருதியே இன்று இவ்விடயத்தை எடுத்துக்கொண்டேன்.

கிரவல் மாத்திரம் பரப்பிய பாதை ஆண்டுதோறும் மாரியில் கரைந்துபோகும். கொங்கிறீற்றுப் பாதை நெடுங்காலம் நிலைக்குமாயினும் எல்லோருடைய கைக்கும் எட்டாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது, கிரவல் அடித்தளத்தின்மேல் தாரூற்றிச் சல்லி பதிக்கும் முறையாகும். நாட்டுப்புறத் தெருக்கள் பலவும் இம்முறையில் அமைந்தவையே. ஆயின் இதிலே பலரும் ஒரு தவறு செய்கின்றனர். பணத்தின் பெரும்பகுதியைத் தாருக்குச் செலவிட்டு, அடித்தளத்துக்கு மிஞ்சியதைக் கொடுக்கின்றனர். தார் பாரந் தாங்குவதில்லை. இரண்டு பூச்சுத் தாருஞ் சல்லியும் சேர்ந்தாலும் அதன் தடிப்பு ஓரங்குலத்துக்கும் குறைவே. அது பாதைக்குப் பிடிக்கும் குடை, அவ்வளவுதான். லொறியின் பாரத்தைத் தாங்குவது கீழேயுள்ள கிரவலும், அக்கிரவலை உலர்வாக வைத்திருக்கும் வடிகாலுமே. சேற்றுநிலத்தின்மேல் நேரே தாரூற்றிய பாதையொன்று ஒரே மாரியில் அப்பளம்போல் நொறுங்கிக் கிடந்ததை நான் கண்டிருக்கின்றேன். அதற்காக அவ்வீட்டார் ஈடுவைத்த நகை அப்பொழுதும் மீட்கப்படாமலே இருந்தது.

முதலிலே நீர் எங்கே போகும் என்பதைப் பாருங்கள். மழை பெய்யும்போது குடையுடன் ஒருமுறை வளவைச் சுற்றி நடந்தால், எந்த நீர்மட்டக் கருவியும் காட்டாததைக் கண்கூடாகக் காணலாம். பாதை சுற்றுநிலத்தைவிட அரையடியேனும் உயர்ந்திருத்தல் வேண்டும். இருபுறமும் ஓரடி ஆழமான வாய்க்கால் வெட்டி, தாழ்ந்த பக்கத்துக்கு நீரை விடுங்கள்; அயலவரின் வளவுக்குள் அன்று. படலையடியில் தெருவோர வாய்க்காலைக் கடக்கக் குழாய் பதித்து மதகு கட்டுவதாயின் பிரதேச சபையிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். பாதை வயல் நிலத்தின் ஊடாகப் போவதாயின் மிகக் கவனம் தேவை. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி வயலை நிரப்பலாகாது. கமநல சேவை நிலையத்தில் விசாரித்த பின்னரே ஒரு கூடை மண்ணையேனும் கொட்டுங்கள்.

அடுத்து, மேல்மண்ணை ஆறங்குலம் வெட்டி அகற்றுக. உக்கலும் வேரும் நிறைந்த அம்மண் பாதைக்கு எதிரி. ஆனால் மரக்கறிப் பாத்திக்கு அது பொன். வீணாக்காது அங்கே பரப்பிவிடுங்கள். கோரை முளைத்த இடமாயின் கிழங்குகளைத் தோண்டிப் பொறுக்கி எடுத்தல் அவசியம். கோரையின் குருத்து தார்ப் பூச்சையுந் துளைத்து வெளிவரும் என்பதைப் பலர் நம்புவதில்லை. ஒருமுறை கண்டபின் நம்புவர்.

கிரவல் வாங்கும்போது ஒரு பிடி எடுத்து நனைத்து, விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். நீண்ட திரியாகத் திரண்டு கையில் ஒட்டினால் களி மிகுதி; மாரியில் அது சேறாகும். ஒட்டாமல் முழுவதும் உதிர்ந்தால் பிணைப்புப் போதாது. கல்லுங் குறுணியும் மிகுந்து, சிறிதளவு மண் அவற்றைப் பிணைத்து நிற்பதே ஏற்றது. மணற்பாங்கான உறுதியான நிலத்தில் ஆறங்குலத் தடிப்புப் போதும். வன்னியிலும் மட்டக்களப்பிலும் காணப்படும் வயற்களி போன்ற நிலமாயின் ஒன்பதங்குலத்துக்குக் குறையாதிருக்கட்டும்.

கிரவலை ஒரே முறையாகக் கொட்டி அமுக்க முற்படுவது வீண். மூன்று நான்கு அங்குலப் படைகளாகப் பரப்பி, நீர் தெளித்து, ஒவ்வொரு படையையும் தனித்தனியே இறுக்குதல் வேண்டும். ஈரத்தின் பதம் யாதெனில், ஒரு பிடியை இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். கை நனையக் கூடாது. உருளை இயந்திரத்தை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுப்பது நன்று. கிடைக்காவிடின், பாரமேற்றிய பெட்டியுடன் உழவு இயந்திரத்தைச் சில்லுத்தடம் மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டுங்கள். பத்தடி அகலப் பாதையில் நடுப்பகுதி ஓரங்களைவிட இரண்டரை அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். ஓரங்களில் பெருங்கற்களைப் புதைத்துவிட்டால் கரை சரியாது.

இப்பொழுது, பலருக்குப் பிடிக்காத ஒரு யோசனை. அடித்தளம் போட்ட ஆண்டிலேயே தாரூற்றாதீர்கள். ஒரு மாரியை அதன்மேல் பெய்ய விடுங்கள், லொறியும் ஓடட்டும். பள்ளம் விழும் இடங்களும் நீர் தேங்கும் இடங்களும் தாமாகவே தெரியும். அவற்றைத் திருத்தியபின் அடுத்த கோடையில் தாரூற்றுங்கள். செலவும் இரண்டு ஆண்டுகளுக்குப் பகிரப்படும். இரண்டு போக வருமானத்தில் கடனின்றி முடிக்கலாம்.

அளவை ஓர் உதாரணத்தாற் சொல்வேன். பாதை 150 அடி நீளமும் 10 அடி அகலமும் உடையதாகக் கொள்வோம். பரப்பு 1,500 சதுர அடி. ஆறங்குல அடித்தளத்துக்கு இறுக்கும்போது குறைவதையும் சேர்த்து ஏறத்தாழ ஒன்பதரைக் கியூப் கிரவல் வேண்டும். முதற் பூச்சுக்கு அரையங்குலச் சல்லியும், இரண்டாவதற்குக் கால் அங்குலத்துக்குச் சற்றுப் பெரிய சல்லியும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கியூப் போதும். எமல்சன் என்று விற்கப்படும் தார்க் குழம்பு, இரண்டு பூச்சுகளுக்கும் முதல் நனைப்புக்குமாக ஏறத்தாழ 500 லீற்றர் செல்லும். 200 லீற்றர்ப் பீப்பாக்கள் மூன்று வாங்கினால் பின்னைய திருத்தங்களுக்கும் சிறிது எஞ்சும்.

வீட்டு வேலைக்குக் காய்ச்சிய தாரைவிட இக்குழம்பையே நான் விரும்புகின்றேன். தாரைக் காய்ச்சுவதாயின் 150 பாகைக்கு மேல் சூடேற்ற வேண்டும். பீப்பாவில் சிறிது நீர் இருந்தாலும் அது நுரைத்துப் பொங்கி வழியும். அடுப்பின்மேல் இருக்கையில் மண்ணெண்ணெய் கலந்தால் தீப்பற்றும். பழக்கமில்லாதவர் இதில் கைவைக்கலாகாது. சுடுதார் தோலிற் பட்டுவிட்டால் இருபது நிமிடங்கள் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு, ஒட்டியதைப் பிய்க்காமல் வைத்தியசாலைக்குச் செல்க.

வேலைக்கு ஆனி முதல் ஆவணி வரையான உலர்ந்த நாட்கள் ஏற்றவை. ஆயினும் சோளகக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். ஆகவே காற்று எழுமுன் காலையிலே தொடங்குங்கள். அடித்தளத்தைக் கடின விளக்குமாற்றால் நன்கு கூட்டிச் சற்றே ஈரமாக்கி, மெதுவாக உறையும் வகைக் குழம்பைச் சம அளவு நீருடன் கலந்து தெளித்து, ஒரு நாள் உலரவிடுக. மறுநாள் விரைந்து உறையும் வகைக் குழம்பை நீர் கலவாமல் ஒரே சீராக ஊற்றுங்கள். ஊற்றும்போது கபில நிறமாயிருக்கும். நீர் பிரிந்ததும் கருமையாகும். கருமையாகுமுன் சல்லியைத் தூவிவிட வேண்டும். ஆகையால் பாதையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டுக்குரிய சல்லியை ஓரத்தில் குவித்து வைத்துக்கொண்டே தாரைத் திறவுங்கள். சல்லி ஒரு கல் தடிப்பில், தோளோடு தோள் சேர்ந்து கிடக்கட்டும். மேலும் மேலும் கொட்டுவதாற் பயனில்லை. புழுதி படிந்த சல்லி தாரிற் பிடியாது. முதல்நாளே கழுவி உலர்த்திக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் தாருடன் நன்கு ஒட்டும்; ஆயினும் தேய்வுக்குக் கருங்கற் சல்லியே சிறந்தது. தூவியவுடன் உருளையோ உழவு இயந்திரமோ மெதுவாக ஓடட்டும். இரண்டாவது பூச்சையும் சில நாட்களின் பின் இவ்வாறே செய்க.

இங்கே ஓர் எச்சரிக்கை. செலவைச் சுருக்குவதற்காக, உழவு இயந்திரத்திலிருந்து கழிக்கும் பழைய எண்ணெயைக் கிரவலின்மேல் ஊற்றிப் புழுதியடக்குவோர் உளர். தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். அவ்வெண்ணெய் உறைந்து கல்லைப் பிணைப்பதில்லை. மழையோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேரும். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரை அடையும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது 2014, 2015 ஆம் ஆண்டுகளில் தெரியவந்தபோது அங்குள்ள குடும்பங்கள் குடிநீருக்குப் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். அது உயர் நீதிமன்றம் வரை சென்று 2019 இல் தீர்ப்பாயிற்று. தோட்டத்துக்கு இறைப்பதும் வீட்டார் குடிப்பதும் அதே கிணற்று நீரே. நிலக்கரித் தார் என்று எவரேனும் பழைய பீப்பா கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். அது புற்றுநோய் விளைவிக்கக்கூடியது. இன்று தெருவுக்கு ஊற்றப்படுவது பெற்றோலியத்திலிருந்து பெறப்படும் பிற்றுமன் ஆகும்; நாம்தான் பழைய வழக்கத்தில் அதையும் தார் என்கின்றோம்.

வேலை முடிந்த பின் ஒரு நாள் வாகனம் எதையும் விடாதீர்கள். இரண்டு வாரங்களுக்கு மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்திலே சில்லைத் திருப்பினால் சல்லி பெயரும். வயலிலிருந்து வரும் உழவு இயந்திரத்தின் இரும்புச் சில்லுகளைத் தாரில் ஏறுமுன் கழற்றிவிடுதல் வேண்டும். ஒரு தடவை ஏறினாற்கூடப் பூச்சுக் கிழியும். டீசல் தாரைக் கரைக்கும் ஆதலால் ஒழுகும் இயந்திரத்தைப் பாதையில் நிறுத்தாதீர்கள். நெல்லை அதன்மேல் காயவிடவும் எனக்கு விருப்பமில்லை. கடுஞ்சூட்டில் மணி வெடித்து ஆலையில் குறுணியாகும், கல்லும் கலக்கும். நெல்லுக்குச் சீமெந்துத் தளமோ படங்கோ வேறாக இருக்கட்டும்.

உதிர்ந்த சல்லியைக் கூட்டி ஒரு மூலையிற் குவித்து வையுங்கள். சித்திரை வெயிலில் தார் கசிந்து மினுங்கும் இடங்களில் அதைத் தூவலாம். மாரிக்கு முன் புரட்டாதியில் இரு வாய்க்கால்களையும் துப்புரவாக்கி, சிறு குழிகளை எஞ்சிய குழம்பாலும் இச்சல்லியாலும் அடைத்துவிடுங்கள்; உள்ளங்கையளவு குழியை அப்பொழுது விட்டுவிட்டால் தை மாதத்தில் அது மாட்டுத் தொட்டியளவு ஆகியிருக்கும்.