பரண்மேல் இருக்கும் ரயில்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

செயலாளர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். அடுத்து குழந்தைகளின் நடனம் இருப்பதால் நீட்டமாட்டேன்.

நம் குடியிருப்பில் ரயில்வே குடும்பங்கள் பல உண்டு. என் மாமனாரும் லோகோ ஷெட்டில் ஃபோர்மேனாக இருந்தவர். அவர் காலமான பிறகு வீட்டை ஒழித்தபோது, பரண்மேல் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் காகிதம் இருந்தது. டைரிகள், வேலைக் குறிப்புகள், கொஞ்சம் படங்கள். பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டவன் நான்தான். வந்த காசில் அன்றைக்குக் காபிப் பொடி வாங்கினோம்.

அந்த உறுத்தலோடு, காகிதத்தைத் தூக்கிப் போடாத ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். ஜான் பாரிஜர் என்று ஓர் அமெரிக்கர், 1899இல் பிறந்தவர். அங்கே ரயில்வே நம் ஊரைப் போல அரசாங்கத்துடையது அல்ல. ஏகப்பட்ட தனியார் கம்பெனிகள். 1930களின் பெருமந்தத்தில் அவற்றில் பல ஆட்டம் கண்டு, அரசு நிதி நிறுவனத்திடம் கடனுக்கு வந்து நின்றன. அந்த நிறுவனத்தின் ரயில்வே பிரிவுக்கு 1933 முதல் 1941 வரை பாரிஜர்தான் தலைவர்.

அந்த வேலையிலும் பிறகும் நாடு முழுக்கச் சுற்றினார். போகும்போது ரயிலின் கடைசிப் பெட்டியில், பின்புற மேடையில் கேமராவோடு நின்றுகொள்வார். நாமெல்லாம் ரயிலைப் படம் எடுத்தால் எஞ்சினைத்தான் எடுப்போம். இவர் எடுத்தது ரயில் கடந்து போன பின் விரிகிற காட்சி. தண்டவாளம், சிக்னல் கம்பம், தண்ணீர்த் தொட்டி, கூட்ஸ் யார்டு, பேர் தெரியாத சின்ன ஸ்டேஷன். அன்றைக்கு அதையெல்லாம் யார் அழகு என்று சொல்லியிருப்பார்கள்?

1946இல் இண்டியானா மாநிலத்தில் ஓடிய மோனான் என்ற கம்பெனிக்குத் தலைவரானார். திவாலிலிருந்து அப்போதுதான் எழுந்து உட்கார்ந்த கம்பெனி. புதுப் பெட்டிகளுக்குக் காத்திருக்காமல், போரில் காயம்பட்டவர்களுக்காகக் கட்டிய ராணுவ ஆஸ்பத்திரிப் பெட்டிகளை வாங்கினார். ரேமண்ட் லோயி என்ற பெரிய வடிவமைப்பாளரை வைத்து அவற்றைப் பயணிகள் பெட்டிகளாக மாற்றினார். பின்னாளில் இன்னும் சில கம்பெனிகளுக்கும் தலைவராக இருந்தார். நொந்துபோன ரயில்வேக்களுக்கு வைத்தியர் என்றே பேர் வாங்கியவர்.

இதில் ஒரு வேடிக்கை. மோனானின் நீராவி எஞ்சின்களுக்கு விடை கொடுத்தவரும் இவர்தான். 1949இல் அந்தக் கம்பெனி முழுக்க டீசலுக்கு மாறிவிட்டது. பழைய ரயிலைப் பார்த்து உருகுகிற ஆள் இல்லை அவர். 1956இல் எழுதிய புத்தகமும் வருங்கால ரயில்வே பற்றியதுதான். ஆனால் கடிதம், அறிக்கை, படம் எல்லாவற்றையும் வைத்திருந்தார். 1976இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பு செயின்ட் லூயிஸ் நகரின் மெர்கன்டைல் நூலகத்துக்குப் போனது. 1846இல் தொடங்கிய நூலகம் அது. அங்குள்ள ரயில்வே பிரிவுக்கு இன்று பாரிஜர் பெயர். அவர் எடுத்த படங்களில் பலவற்றை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எஞ்சினைக் காப்பாற்றினால் போதாதா, காகிதம் எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்கச் சட்டப்படி, ஓடுகிற நீராவி எஞ்சினின் கொதிகலனை 1,472 நாள் வேலை செய்த பிறகு, அல்லது 15 ஆண்டில், எது முந்துகிறதோ அப்போது முழுதாகச் சோதிக்க வேண்டும். தகட்டின் கனம் என்ன, எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கணக்குக் காட்ட வேண்டும். பழைய வரைபடமும் பழுது பார்த்த பதிவும் கையில் இருந்தால் அந்த வேலை பாதி லேசாகிவிடும். ஓடாமல் நிறுத்தி வைக்கிற வண்டிக்கும் இது பொருந்தும். பாரிஜர் காலத்தில் மோனான் வாங்கிய பி.எல்.2 வகை டீசல் எஞ்சின் ஒன்று, 32ஆம் எண், கென்டக்கி ரயில்வே மியூசியத்தில் இருக்கிறது. எஞ்சினை நேரில் பார்த்துவிடலாம். அது எந்த மாதிரி ஊர்களின் வழியாகப் போனது, அந்த ஸ்டேஷன்கள் எப்படி இருந்தன என்பதற்குப் படமும் காகிதமும்தான் சாட்சி.

இவருக்கு நேர்மாறான ஒருவரையும் சொல்ல வேண்டும். கிரஹாம் கிளேட்டர், 1967 முதல் பத்தாண்டு சதர்ன் ரயில்வேயின் தலைவர். 1911இல் கட்டிய, பச்சையும் பொன்னும் பூசிய 4501 என்ற நீராவி எஞ்சினை, கம்பெனியின் தண்டவாளத்திலேயே உல்லாசப் பயணங்களுக்கு ஓட விட்டவர். தலைவரே எஞ்சினில் ஏறி ஓட்டுவார்! அப்படி ஓர் அதிகாரி கிடைப்பது அபூர்வம். எனக்குப் பிடித்தவர் கிளேட்டர்தான், ஆனால் நம்மால் செய்ய முடிந்தது பாரிஜர் செய்தது. எஞ்சினை நாம் வீட்டில் வைக்க முடியாது. டிரங்குப் பெட்டியை வைக்கலாம்.

அதனால் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். கட்டுகளைப் பிரித்துக் கலக்க வேண்டாம், அவர் வைத்த வரிசையே ஒரு தகவல். படத்தின் பின்னால் ஊர், வருஷம், நிற்பவர் பெயர் மூன்றையும் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். முக்கியமாக, வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

என் மாமனாரின் படங்களில் தப்பியது ஒன்றே ஒன்று. ஓர் எஞ்சின் முன்னால் ஏழு பேர் நிற்கிறார்கள். அவரைத் தவிர யாரையும் எங்களுக்குத் தெரியாது, பின்பக்கம் வெறும் வெள்ளை. இன்று கொண்டுவந்திருக்கிறேன். டீ குடிக்கும்போது ரயில்வேக்காரர்கள் ஒரு நிமிஷம் பார்த்து, எந்த ஷெட் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.