மண்ணறிவும் கையொப்பமும்
(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மண்ணோடு நமக்குள்ள உறவு மிகப் பழமையானது. காவிரியின் கடைமடையில் வாய்க்கால் வெட்டியவர்களும், வரப்பு அணைத்தவர்களும், மாளிகைகளுக்குக் கடைக்கால் தோண்டியவர்களும் நம் முன்னோரே. ஆயினும், அம்மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதிக் கையொப்பமிடும் இடம் அவர்களுக்குக் கிட்டியதில்லை. இன்று நம் பிள்ளைகள் அவ்விடத்தை எட்டத் தொடங்கியுள்ளனர். 2010-இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் நம் திருவேட்டக்குடியிலேயே இயங்குகிறது. ஆதலின் மண் ஆய்வு, சுற்றுச்சூழல் ஆலோசனை ஆகிய தொழில்களில் உயரும் வழியையும் அங்குள்ள இடர்களையும் பற்றிச் சில கூற விழைகிறோம்.

நம் காரைக்கால் மண் கண்ணை ஏமாற்றும் மண். அரசலாறும் நாட்டாறும் பிற ஆறுகளும் கொணர்ந்து படிய வைத்த வண்டல் இது. மேலே கெட்டியாகத் தோன்றும் இடத்தில் கீழே குழைந்த களி இருக்கலாம். அடுத்த மனையிலேயே மணல் இருக்கலாம். ஆகவேதான் துளையிட்டு ஆய்கின்றனர். 63.5 கிலோகிராம் எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச்செய்து, துளையின் அடியிலுள்ள குழாய் மண்ணில் இறங்க எத்தனை அடி வேண்டியிருக்கிறது என எண்ணுவர். முதல் 15 சென்டிமீட்டரைத் தள்ளி, அடுத்த 30 சென்டிமீட்டருக்கு உரிய அடிகளையே கணக்கிற் கொள்வர். அந்த எண்ணை நம்பியே மேலே கட்டடம் எழுகிறது.

மேல்மண்ணை மட்டும் சோதித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா நாட்டு வின்னிபெக் நகரையடுத்த டிரான்ஸ்கோனா தானியக் களஞ்சியம் சான்று. 1913 அக்டோபரில் அதில் தானியம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, ஒரே நாளில் ஏறத்தாழ 27 பாகை சாய்ந்தது. மேலே இருந்த கெட்டிக் களியைச் சோதித்தவர்கள், அதன் கீழிருந்த மென்களியை அறியவில்லை.

தொலைநாட்டுச் செய்தி என்று இதனைத் தள்ள வேண்டா. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 28-6-2014 அன்று, கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்த ஏழைத் தொழிலாளர். கட்டுமான நிறுவனத்தாரோடு பொறியாளர்களும் கைது செய்யப்பட்டனர். அருகில் நின்ற இணைக் கட்டடம் 2-11-2016 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. தவறு நேர்ந்தால் முதலில் புதைபவர் நம்மைப் போன்றவரே என்பதை நம் பொறியாளர் ஒருபோதும் மறத்தலாகாது.

எங்கள் வாழ்வில் நேர்ந்த ஒன்றை மறைக்காமல் கூறுகிறோம். பணியேற்ற இரண்டாம் ஆண்டில் ஒரு கிடங்கிற்கு மண் ஆய்வு செய்தோம். 15 மீட்டர் துளையிட வேண்டும். மழையால் 9 மீட்டரிலேயே வேலை நின்றது. எஞ்சிய 6 மீட்டருக்குப் பக்கத்து மனையின் எண்களை எழுதி அறிக்கையை முடிக்குமாறு மேலாளர் வாயால் சொன்னார். குடும்பத்தில் முதற் பட்டதாரி, வீட்டிலோ கடன், வேலை போய்விடுமோ என்னும் அச்சம். கையொப்பமிட்டோம். ஓராண்டிற்குள் கிடங்கின் ஒரு மூலை இறங்கிச் சுவர் பிளந்தது. எவரும் இறவாதது எங்கள் திறமையால் அன்று. விசாரணையில், சொன்னவர் சொல்லுக்குச் சான்றில்லை; எழுதியவர் கையொப்பம் மட்டுமே இருந்தது.

அன்று கற்ற பாடங்கள் இவை. காணாததை எழுதாதீர். களக் குறிப்பேட்டை அன்றன்றே எழுதி, அதன் நகலை உம்மிடம் வைத்துக்கொள்வீர். எத்தனை துளை, எவ்வளவு ஆழம், யார் பொறுப்பு என்பவற்றைப் பணி தொடங்குமுன் எழுத்தில் பெறுவீர். துளை குறைந்தால், குறைந்தது என்று அறிக்கையிலேயே குறிப்பீர். மறுக்க நேர்ந்தால் சினமின்றிக் காரணத்தோடு எழுத்தில் மறுப்பீர். தனியே தொழில் தொடங்குவோர் தொழிற்பொறுப்புக் காப்புறுதி எடுத்த பின்னரே முதல் அறிக்கையைத் தருவீர். ஆயினும் காப்புறுதி பணத்தை ஈடுசெய்யும். போன உயிரையும் போன பெயரையும் ஈடுசெய்யாது.

சுற்றுச்சூழல் ஆலோசகர் பொறுப்பும் இத்தகையதே. மத்திய அரசின் 14-9-2006 அறிவிக்கைப்படி, பல பெருந்திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வேண்டும். அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பும், அறிக்கையின் சுருக்கம் மக்கள் மொழியிலும் தரப்பட வேண்டும். பொய்த் தகவல் தந்தால் அனுமதியே நீக்கப்படலாம். வரைபடத்தில் ஊர் இருந்து சேரி விடுபட்டால், அங்குள்ள கிணறும் சுடுகாடும் கணக்கில் வாரா. அவ்விடுபாட்டை முதலில் காணக்கூடிய கண் நம் பிள்ளையின் கண்ணே. எண்களோடு சேரிக்கும் நடந்து செல்பவரே முழுமையான ஆலோசகர்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் செயற்குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். பாசனமும் மின்சாரமும் அப்பொறுப்பில் அடங்கியிருந்தன. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடி அமைப்பு 1945-இல் தோன்றியதில் அவர் பங்கு பெரிது. நீரையும் நிலத்தையும் ஆளும் அறிவு நமக்கு அயலானது அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இளைஞர்களே! பட்டம் பெற்றதோடு படிப்பு முடிவதில்லை. துளையிடுவோரிடமும் கற்பீர், விதிநூல்கள் திருத்தப்படுந்தோறும் மீண்டும் பயில்வீர். கையொப்பமிட அஞ்சி மறுத்த ஒருவருக்கு வேலை போகுமாயின், அவருக்குத் துணை நிற்பது இச்சங்கத்தின் கடமையாகட்டும். எங்களுக்கு அன்று அத்துணை இருந்ததில்லை. உங்களுக்கு இருத்தல் வேண்டும் என்பதே இவ்வெள்ளி விழாவில் எங்கள் வேண்டுகோள்.

வளர்க நம் சங்கம்.