காபியும் சிவப்பணுவும்

(சங்கத்தின் புனே கிளை ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் 34 வருஷம் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன். ஒரு வருஷம்கூடத் தவறாமல் நடத்திய பாடம், பாலூட்டிகளின் ரத்த ஓட்டம். "அதையே பேசுங்கள் சார்" என்றார் நம் காரியதரிசி. பேசுகிறேன். ஆனால் பாடத்தோடு, நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பாடம். நம் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 70 தடவை துடிக்கிறது. ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி லிட்டரை வெளியே தள்ளுகிறது. பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 5 லிட்டர் வரும். அதாவது ஒரே நிமிஷத்தில் மொத்த ரத்தமும் ஒரு பிரதட்சிணம் முடித்துவிடுகிறது! ரத்தம் இப்படிச் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628-ல் புத்தகம் எழுதினார். தமனியிலிருந்து சிரைக்கு எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. அவர் காலமான பிறகு, 1661-ல், மால்பீகி என்ற இத்தாலியர் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து நுண்குழாய்களைக் கண்டுபிடித்தார்.

இந்த ஓட்டத்தில் மூன்று வகை அணுக்கள் உண்டு. வெள்ளையணு நோயோடு போராடும். தட்டணு காயத்தில் ரத்தத்தை உறைய வைக்கும். சிவப்பணு பிராணவாயுவைச் சுமக்கும். பறவைக்கும் மீனுக்கும் தவளைக்கும் சிவப்பணுவில் உட்கரு இருக்கிறது. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் அது கிடையாது. உள்ளே இருக்கும் இடத்தையெல்லாம் ஹீமோகுளோபினுக்கே விட்டுக்கொடுத்து விடுகிறது. உட்கரு இல்லாததால் தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ள முடியாது. மனிதர்களுக்கு அதன் ஆயுசு சுமார் 120 நாள்தான். "ஊருக்கெல்லாம் சுமந்துவிட்டுத் தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாத ஜீவன்" என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் ரசிப்பார்கள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். சென்ற வருஷம் எங்கள் குடியிருப்பில் ரத்த தான முகாம் நடந்தது. எனக்கு வயது 65 தாண்டிவிட்டதால் கொடுக்க முடியாது. மாட்டுப்பெண்ணை அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். "ஹீமோகுளோபின் 12.5 இருக்கணுமாம்ப்பா. எனக்கு 8.4 தான் இருக்காம்" என்றாள்.

மூன்று மாடி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கும். "இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெம்பே இல்லை" என்று அகத்தில் பேசியிருக்கிறோம். நானும்தான் பேசினேன். முகம் வெளுத்திருந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த விலங்கியல் ஆசிரியர், அதைச் சோம்பல் என்று நினைத்தார்!

அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். காலையில் எல்லோருக்கும் டிபன் கட்டிவிட்டு, அவள் காபியோடு ஆபீஸுக்கு ஓடுவாள். ராத்திரி கடைசியாகச் சாப்பிடுவாள். மீந்த சாதம், மீந்த ரசம். கீரையும் கூட்டும் எங்களோடு தீர்ந்திருக்கும்.

ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். எலும்பு மஜ்ஜை வினாடிக்கு 20 லட்சத்துக்கு மேல் சிவப்பணுக்களைச் செய்கிறது. அதற்கு நாளொன்றுக்கு வேண்டிய 20 மில்லி கிராம் அளவு இரும்பில் பெரும்பகுதி, ஆயுசு முடிந்த அணுக்களிலிருந்தே திரும்பக் கிடைக்கிறது. நம் பாட்டிமார்களைப் போல உடம்பும் எதையும் வீணாக்குவதில்லை. சாப்பாட்டிலிருந்து ஒன்றிரண்டு மில்லி கிராம் சேர்ந்தால் போதும். ஆனால் மாதவிலக்கிலும் பிரசவத்திலும் பெண்கள் அதிகப்படியாக இழக்கிறார்கள். அந்த இழப்பை ஈடுகட்டாமல் விட்டால் கையிருப்பு கரைந்துவிடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. நம் அகங்கள் அதற்கு விதிவிலக்கா என்ன?

காய்கறி, தானியங்களில் உள்ள இரும்பை உடம்பு சுலபத்தில் ஏற்பதில்லை. சாப்பிட்ட கையோடு காபியோ டீயோ குடித்தால் இன்னும் குறையும். எலுமிச்சம்பழம், நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் கூடும். காபியை விடச் சொன்னால் இந்தச் சபையில் எனக்கு அடி விழும்! விட வேண்டாம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் பரிசோதித்து, இரும்புச்சத்துக் குறைவுதான் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். நாமாகவே மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது. தலசீமியா போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். ஆண்களுக்கோ வயதான பெண்மணிகளுக்கோ சோகை வந்தால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

அஞ்சு மாசம் ஆயிற்று. இப்போது மாட்டுப்பெண் கறிகாய்ப் பையோடு மூன்று மாடியும் நிற்காமல் ஏறி வருகிறாள். எங்கள் அகத்தில் ராத்திரி எல்லோரும் ஒன்றாகத்தான் உட்காருகிறோம். பரிமாறுகிற முறை எனக்கும் வருகிறது. ரசம் கொஞ்சம் சிந்துகிறது, அவ்வளவுதான்.

இன்று அகத்துக்குப் போனதும், கடைசியில் சாப்பிடுவது யார் என்று பாருங்கள். அவரை ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். 34 வருஷம் பாடம் நடத்தியும் நான் செய்யத் தவறியது அதுதான்.